மான்செஸ்டரில் பிறந்த இசைத்தட்டு

மான்செஸ்டர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது துணி. நம் நாட்டுப் பருத்தி கப்பலேறிச் சென்று, ஆலைத் துணியாகத் திரும்பி வந்து, நம் நெசவாளர் வயிற்றில் அடித்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று நாம் பெருமையோடு அழைத்ததும் அத்துணியை எண்ணியே. ஆனால் நான் இன்று சொல்லப் புகுவது அந்நகரத்துத் துணியைப் பற்றியன்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, செங்கற் சுவர்கள் மட்டும் கரிபடிந்து நின்ற காலத்தில் அங்கே பிறந்த இசைத்தட்டு ஒன்றைப் பற்றியும், அதனை வெளியிட்ட விந்தையான நிறுவனத்தைப் பற்றியுமே சில சொல்ல விரும்புகிறேன்.

இண்டி இசை என்றும் ஆல்டர்நேட்டிவ் இசை என்றும் கல்லூரி மாணவர் பலர் இக்காலத்தில் பேசக் கேட்கிறோம். கிதாரின் ஒருவகை ஓசைக்கு அவை பெயர் என்றே அவர்களிற் பலர் கருதுகின்றனர். அது பிற்கால வழக்கு. இண்டிபெண்டண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கமே இண்டி. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தகைய தட்டுகளுக்கென்று இங்கிலாந்தில் தனி விற்பனைப் பட்டியல் ஒன்று வெளிவரத் தொடங்கியது. அதில் இடம்பெறுவதற்கு வகுத்த விதி இசையின் இயல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெருங்கம்பெனிகளின் விநியோக வழியிற் செல்லாமல், வேறு வழியில் அத்தட்டு கடைக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே விதி. சரக்கு எதுவாயினும் ஆகுக. அது ஏறி வந்த வண்டி யாருடையது என்பதே கேள்வி.

இக்கேள்வி ஏன் எழுந்தது என்பதை அறிதல் வேண்டும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இளைஞர் குழு இசைத்தட்டு வெளியிட விரும்பினால், லண்டன் மாநகர் சென்று ஈ.எம்.ஐ., டெக்கா, சி.பி.எஸ். முதலிய கம்பெனிகளின் வாயிலிற் காத்துக் கிடத்தல் வழக்கம். ஒலிப்பதிவுக் கூடமும், தட்டு வார்க்கும் ஆலையும், கடைகளுக்கு எடுத்துச் செல்லும் வண்டியும் அக்கம்பெனிகளின் கையில் இருந்தன. கம்பெனி மனமிரங்கினால் முன்பணம் தரும். முன்பணம் என்பது கொடையன்று, கடனே. ஒலிப்பதிவுச் செலவும் பெரும்பாலும் கலைஞன் கணக்கிலேயே எழுதப்படும். தட்டு விற்கும்போது அவனுக்குச் சேரவேண்டிய ராயல்டியிலிருந்து இவை யாவும் கழிக்கப்படும். கடன் முழுதும் தீர்ந்த பிறகும் மூல ஒலிநாடா கம்பெனிக்கே உரியது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் குடியானவர் சொல்வது அங்கேயும் பொருந்தும்.

சிறு நிறுவனங்கள் முன்னரும் இருந்தன என்பது உண்மை. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டை 1954இல் வெளியிட்டது மெம்பிஸ் நகரத்துச் சன் என்னும் சிறு நிறுவனமே. ஆயின் மறு ஆண்டிலேயே 35,000 டாலருக்கு அவருடைய ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு விற்றுவிட்டது. சிற்றோடை பேராற்றிற் கலப்பதே இயல்பு என்று எல்லாரும் எண்ணியிருந்தனர்.

மான்செஸ்டர் நகரின் நடுவே பிரீ டிரேட் ஹால் என்றொரு மண்டபம் உண்டு. தானியச் சட்டங்கள் நீக்கப்பட்ட வெற்றியின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது அது. அது நிற்கும் நிலமும் வரலாற்றில் இடம்பெற்றதே. 1819ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்குரிமை வேண்டிக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து, பத்துப் பேருக்கு மேல் மடியவும் நூற்றுக்கணக்கானோர் காயமுறவும் செய்த பீட்டர்லூக் கொடுமை அவ்விடத்திலேதான் நிகழ்ந்தது. அம்மண்டபத்தின் மேல்மாடியில் இருந்த சிறு கூடத்தில் 1976ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் லண்டனிலிருந்து வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழுவினர் வாசித்தனர். கேட்க வந்தவர் ஏறத்தாழ நாற்பது பேர். நானும் அன்று அங்கே இருந்தேன் என்று பிற்காலத்திற் சொல்லிக்கொண்டோரை எல்லாம் கூட்டினால் அச்சிறு கூடம் கொள்ளாது! ஆனால் அங்கே உண்மையாக இருந்தவருள் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்னும் இரண்டு இளைஞர்கள் உண்டு. வாசித்தவர்கள் பெரிய வித்துவான்கள் அல்லர். அவர்களால் முடியுமாயின் நம்மாலும் முடியும் என்று இருவருக்கும் தோன்றிற்று. ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிதார் வாங்கினார்.

அன்றைய நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்கள் பஸ்காக்ஸ் என்னும் உள்ளூர்க் குழுவை நடத்திய ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். அவர்கள் அதே ஆண்டு டிசம்பர் 28இல் செய்த காரியம் சிறியது; விளைவோ பெரியது. உற்றார் உறவினரிடம் சுமார் 500 பவுன் கடன் வாங்கினார்கள். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். தட்டு வார்க்கும் ஆலையில் பணம் கட்டி 1,000 பிரதிகள் வார்த்தார்கள். 1977 ஜனவரியில் ஸ்பைரல் ஸ்கிராட்ச் என்னும் அத்தட்டைத் தாங்களே விற்றார்கள். உறையின் பின்புறத்தில் எந்தப் பாடல் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது என்பதையும் அச்சிட்டிருந்தார்கள். மடைப்பள்ளியின் கதவைத் திறந்துவைத்து, இவ்வளவுதான் ஐயா சமையல் என்று காட்டியது போன்றது அச்செயல். ஆயிரம் பிரதிகள் விரைவில் தீர்ந்தன. முடிவில் 16,000 விற்றன.

இதிற் புதியது எது? தட்டு வார்க்கும் ஆலையும் ஓர் அச்சகம் போன்றதே. பணம் கட்டினால் யாருக்கும் வார்த்துக் கொடுக்கும். நூலைத் தம் செலவிலேயே அச்சிட்டு வெளியிடும் புலவரைப் போல, இசைஞரும் தம் தட்டைத் தாமே வெளியிடலாம். இச்செய்தி யாரும் மறைத்து வைத்த மறைபொருள் அன்று. ஆயினும் பெரும்பாலோர்க்கு அது தோன்றாமலே இருந்தது. தோன்றிய பின்னரோ ஓராண்டுக்குள் நாடெங்கும் இத்தகைய தட்டுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றை விற்கவும் வழி பிறந்தது. லண்டனின் மேற்குப் பகுதியில் ஜெப் டிராவிஸ் என்பவர் 1976இல் ரப் டிரேட் என்னும் கடையைத் திறந்திருந்தார். பிரிஸ்டல், யார்க், லிவர்பூல், எடின்பரோ முதலிய ஊர்களில் இருந்த கடைகள் அதனோடு கைகோத்து, கார்ட்டெல் என்ற பெயரில் தம்முள் ஒரு விநியோகச் சங்கிலியை அமைத்துக்கொண்டன. வண்டி கிடைத்துவிட்டது.

இனி நம் கதைக்குரிய நிறுவனத்திற்கு வருவோம். டோனி வில்சன் கேம்பிரிட்ஜில் பயின்றவர். கிரனடா தொலைக்காட்சியில் செய்தி வழங்கும் உத்தியோகத்தில் இருந்தவர். அவரும் ஆலன் எராஸ்மஸ் என்ற நண்பரும் 1978இல் பாக்டரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஓவியர் பீட்டர் சேவில், ஒலிப்பதிவில் வல்ல மார்ட்டின் ஹானட், ராப் கிரெட்டன் ஆகியோரும் பங்காளிகள் ஆயினர். முதல் தட்டுக்கான முதல், வில்சனுக்குத் தம் தாயார் மறைவால் கிடைத்த பணத்தின் ஒரு பகுதி. வணிகரால் வகுக்கப்படாத நிறுவனம் அது என்பதற்கு அதன் எண் வரிசை ஒன்றே சான்று. வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் தருதல் கம்பெனிகளின் வழக்கம். இவர்கள் முதல் எண்ணைத் தட்டுக்குத் தரவில்லை. சுவரொட்டி ஒன்றுக்குத் தந்தனர். பின்னர் ஒரு பூனைக்கும் எண் தந்தனர். தங்கள்மீது ஹானட் தொடுத்த வழக்குக்கும் எண் தந்தனர்!

இவர்கள் இசைஞரோடு செய்துகொண்ட உடன்பாடு எளியது. செலவு போக மிஞ்சும் ஆதாயத்தில் பாதி இசைஞர்க்கு, பாதி நிறுவனத்துக்கு. இசையின் உடைமை இசைஞருக்கே. எப்போது வேண்டுமானாலும் அவர்கள் விலகிப் போகலாம். ஒரு தாளில் எழுதப்பட்ட இவ்வுறுதியில் வில்சன் தம் இரத்தத்தால் ஒப்பமிட்டார் என்று கூறுவர். இரத்தத்தின் உண்மையை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். தாள் மட்டும் உண்மை. அது மீண்டும் நம் கதையில் வரும்.

ஹுக், சம்னர் இருவரோடும் ஸ்டீபன் மாரிஸ் என்ற டிரம் வாசிப்பவரும், இயன் கர்ட்டிஸ் என்ற பாடகரும் சேர்ந்து ஜாய் டிவிஷன் என்னும் குழு அமைந்தது. நாஜிச் சிறைமுகாம் ஒன்றைப் பற்றிய நாவலிலிருந்து எடுத்த பெயர் அது. துன்புற்றோரின் பெயரை விளையாட்டாக எடுத்துக்கொண்ட அத்தேர்வை நான் ஒருநாளும் மெச்சியதில்லை. கர்ட்டிஸ் 1956இல் பிறந்தவர். இளமையிலேயே மணம் புரிந்தவர். மாக்கிள்ஸ்பீல்டு என்னும் சிற்றூரில் அரசாங்க வேலைவாய்ப்பு நிலையத்தில் பணியாற்றியவர். உடற்குறை உடையோர்க்கு வேலை தேடித் தருவது அவர் கடமை. அங்கே வேலை நாடி வந்த இளம்பெண் ஒருத்திக்குக் காக்காய்வலிப்பு நோய் இருந்தது. சில காலம் கழித்து அவள் இறந்துபோனாள் என்ற செய்தி அவரை மிகவும் வருத்தியது. அவளை எண்ணி அவர் ஒரு பாடல் எழுதினார். 1979 ஜனவரியில் அதே நோய் அவருக்கும் இருப்பதாக மருத்துவர் கூறினர்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்டிராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுடைய முதல் நெடுந்தட்டு பதிவாயிற்று. அன்நோன் பிளெஷர்ஸ் என்பது அதன் பெயர். அறியா இன்பங்கள் என்று பொருள். பத்துப் பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மேடையில் இக்குழு பெருமுழக்கமாக வாசிக்கும் இயல்புடையது. ஹானட் அம்முழக்கத்தைப் பதிவு செய்ய விரும்பவில்லை. டிரம்களை ஒன்றோடொன்று கலவாதபடி தனித்தனியே பதிவு செய்தார். ஓசையைக் கணக்காகத் தாமதித்துத் திருப்பித் தரும் அந்நாளையப் புதிய கருவியைப் பயன்படுத்தினார். மின்தூக்கியின் ஓசை, கண்ணாடி உடையும் ஓசை ஆகியவற்றையும் இசையோடு இழைத்தார். ஒரு பாடலிற் குரலைத் தொலைபேசிக் கம்பியின் வழியாகவே பதிவு செய்தார். யாருமற்ற பெரிய ஆலையின் உள்ளே நின்று ஒருவன் பாடுவது போன்ற உணர்ச்சி அதனால் உண்டாகிறது. வழக்கமாகத் தாழ நின்று துணைசெய்யும் பேஸ் கிதார் இங்கே மேலேறி இராகத்தை நடத்துகிறது. சம்னரின் கிதாரோ பின்னே ஒதுங்கிக் கீறல் கீறலாக ஒலிக்கிறது. நம் சங்கீதத்திற் பழகிய என் செவிக்கு முதலில் இது வறட்சியாகவே பட்டது. பன்முறை கேட்ட பின்னரே, இடைவெளியையும் ஒரு வாத்தியமாக ஹானட் ஆண்டிருக்கிறார் என்பது விளங்கிற்று.

சுவையான செய்தி என்னவெனில், வாசித்தவர்களுக்கே இத்தட்டு பிடிக்கவில்லை. தங்கள் வேகத்தையெல்லாம் ஹானட் வடித்துக் கொட்டிவிட்டார் என்று ஹுக்கும் சம்னரும் வெகுண்டனர். ஆண்டுகள் பல சென்ற பின்னர், அவர் செய்ததே சரி என்று ஹுக் ஒப்புக்கொண்டார். தாம் படைத்தது இன்னதென்று படைத்தவர் அறியாதிருப்பது கலையுலகில் அரிதன்று.

உறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கரிய பரப்பின் நடுவே, மலைத்தொடர் போல மேடும் பள்ளமுமான வெண்கோடுகள். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை. தட்டின் பெயரும் இல்லை. இன்று உலகெங்கும் இளைஞர் அணியும் பனியன்களில் இப்படத்தைக் காணலாம். நம்மூர்க் கடைத்தெருவிலும் நான் கண்டிருக்கிறேன். அணிந்தவரைக் கேட்டால் இமயமலை என்பார் போலும்! உண்மையில் அது விண்மீன் ஒன்றின் நாடித்துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாது துடிக்கும் வானொலி அலைகளைக் கண்டார். அதுவே முதன்முதலிற் கண்டறியப்பட்ட பல்சார். 1974இல் அதன் பொருட்டு நோபல் பரிசு பெற்றவர் அவருடைய ஆசிரியர் ஆன்டனி ஹியூவிஷ். மாணவிக்குப் பங்கு இல்லை. அப்பல்சாரின் துடிப்புகளை அடுக்கடுக்கான கோடுகளாக்கியவர் ஹரால்டு கிராப்ட் என்ற மற்றொரு மாணவர். போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்னுமிடத்தில் இருந்து 2020இல் இடிந்து வீழ்ந்த பெருந்தொலைநோக்கியைக் கொண்டு ஆராய்ந்து, கார்னெல் பல்கலைக் கழகத்துக்கு 1970இல் அளித்த ஆய்வேட்டில் அவர் அதனை வரைந்திருந்தார். அது வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் இடம்பெற்றது. அங்கிருந்து குழுவினர் கண்ணிற் பட்டது. வெள்ளையிற் கறுப்பாக இருந்ததைச் சேவில் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். கிராப்டை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. படைப்பு படைத்தவனுக்கே உரியது என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டவர்கள், இப்படத்தைப் படைத்தவன் யார் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இம்முரண்பாட்டை அவர்கள் புகழ் பாடுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகையால் நான் சொன்னேன்.

1979 ஜூன் மாதத்தில் 10,000 பிரதிகள் வார்க்கப்பட்டன. பத்திரிகை விமரிசகர்கள் புகழ்ந்தனர். எனினும் அவ்வாண்டில் பொது விற்பனைப் பட்டியலில் அத்தட்டு இடம்பெறவில்லை. அதற்கு அடுத்த ஆண்டில் ஒரு சாவு வேண்டியிருந்தது.

கர்ட்டிஸின் நோய் முற்றிற்று. தூக்கமின்மையும், ஓயாத பயணமும், மேடையிற் கண்ணைப் பறிக்கும் ஒளியும் அந்நோயாளிக்கு ஆகாதவை. அவர் உட்கொண்ட மருந்துகளோ மனத்தைச் சோர்வில் ஆழ்த்துபவை. வீட்டிலும் அமைதி இல்லை. பாடல்களில் அவர் தம் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நண்பர்கள் அதனைக் கவிதை என்று கொண்டனர். முறையீடு என்று கொள்ளவில்லை. 1980 மே 18ஆம் நாள், அமெரிக்கப் பயணம் தொடங்குவதற்கு முதல்நாள், இருபத்துமூன்றாம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவியும் சிறு குழந்தையும் இருந்தனர். சில வாரங்களுக்குள் அவருடைய பாடல் ஒன்று பட்டியலில் பதின்மூன்றாம் இடத்தை எட்டிற்று. ஜூலையில் வெளியான குளோசர் என்னும் இரண்டாம் நெடுந்தட்டு ஆறாம் இடத்தைப் பெற்றது. இச்சாவை ஒரு கலைஞனுக்கு ஏற்ற முடிவு போலவும், தட்டுக்குப் பூட்டிய அணிகலன் போலவும் எழுதுவோர் இன்றும் உளர். அவ்வெழுத்தை நான் வெறுக்கிறேன். நோயுற்ற ஓர் இளைஞர் உரிய துணையின்றி இறந்தார். இசை சிறந்தது அதனால் அன்று. இத்தட்டு முழுவதும் அவர் உயிரோடு இருந்தபோது, நால்வர் கூடி உழைத்துச் செய்தது.

எஞ்சிய மூவரும் கில்லியன் கில்பர்ட் என்ற பெண்மணியைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்து வாசித்தனர். 1983இல் அவர்கள் வெளியிட்ட புளூ மன்டே என்னும் தட்டு, பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில் இங்கிலாந்தில் மிக அதிகமாக விற்றது என்ற புகழைப் பெற்றது. கணிப்பொறித் தகட்டைப் போலத் துளையிட்டுச் செய்த அதன் உறைக்கு ஆன செலவு விற்ற விலையை மிஞ்சிற்று என்றும், விற்க விற்க நட்டம் என்றும் ஒரு கதை உலவுகிறது. அதை அப்படியே நம்புவதற்கில்லை. பணம் கரைந்த வழி வேறு. 1982 மே மாதத்தில் நிறுவனமும் குழுவினரும் சேர்ந்து ஹசியெண்டா என்னும் பெரிய நடன மண்டபத்தைத் திறந்தனர். அப்பணத்தை ஒலிப்பதிவுக் கருவிகளில் இடவேண்டும் என்று கருதிய ஹானட் வழக்குத் தொடுத்து விலகினார். மண்டபம் நகரத்துக்குப் புகழ் சேர்த்தது. கணக்கேட்டில் ஓட்டை போட்டது. இசைத்தட்டில் வந்த வருவாயெல்லாம் அவ்வோட்டை வழியே ஆண்டாண்டாக ஒழுகிற்று.

இதற்கிடையே காலமும் மாறியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனமாகிய சப் பாப், 606 டாலர் 17 சென்ட் செலவிற் பதிவான நிர்வாணா குழுவின் முதல் நெடுந்தட்டை 1989இல் வெளியிட்டது. அக்குழு பெருங்கம்பெனி ஒன்றுக்குச் சென்று 1991இல் வெளியிட்ட நெவர்மைண்ட், மறு ஆண்டு ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் தட்டைத் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது. அன்றுமுதல் ஆல்டர்நேட்டிவ் என்ற சொல்லே பெருங்கம்பெனிகளின் விளம்பரப் பலகையில் ஏறிவிட்டது. லண்டன் ரப் டிரேட்டின் விநியோக நிறுவனமும் 1991இல் நொடித்தது.

பாக்டரியும் கடனில் மூழ்கியது. 1992இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்னும் கம்பெனி அதனை விலைக்கு வாங்க முன்வந்தது. அக்கம்பெனிக்கு வேண்டியது கட்டடமன்று. ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் இசையே. பேச்சு நடந்துகொண்டிருக்கையில் அந்தப் பழைய தாள் வெளிப்பட்டது. அதன்படி நிறுவனத்துக்கு உடைமை ஒன்றுமில்லை, எல்லாம் இசைஞருடையது. விற்பதற்குச் சரக்கே இல்லாத கடையை எவர் வாங்குவர்? நவம்பரில் பாக்டரி திவாலாயிற்று. நியூ ஆர்டர் குழுவினர் தங்கள் இசையோடு அதே லண்டன் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்கு நேரே சென்று சேர்ந்தனர். அந்தத் தாளை அறிவின்மை என்று வணிகர் கூறுவர். அது தாங்கள் கூறியபடியே நடந்துகொண்டது என்பேன் நான். ஆனால் அந்நிறுவனம் ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தால், அதை நம்பிய மற்ற இசைஞர்களும் கடன் கொடுத்தவர்களும் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹசியெண்டா 1997இல் மூடப்பட்டது. பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அதே பெயரோடு அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. ஹானட் 1991இலேயே காலமானார். வில்சன் தம் இறுதி நாட்களில் புற்றுநோயால் வருந்தியபோது, விலையுயர்ந்த மருந்துக்கு அவரிடம் பணமில்லை. நண்பர்கள் திரட்டிக் கொடுத்தனர். 2007 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் மறைந்தார். பாக்டரியின் எண் வரிசையில் 501ஆம் எண் அவருடைய சவப்பெட்டிக்குத் தரப்பட்டது.